ஓசையில் ஒரு பள்ளம்

அன்று விடியற்காலைப் பாங்கில் ஒரு பள்ளம் இருந்தது.

கிருபானந்தன் படுக்கையில் விழித்துக் கிடந்தான். பிறந்ததிலிருந்தே அவனுக்குப் பார்வை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில், ரயில் தண்டவாளங்களை ஒட்டி நிற்கும் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில் அவன் குடியிருந்தான். பகலில் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் வேலை. மனைவி சிந்துஜா மருத்துவமனைத் தாதி. அந்த மாதம் முழுக்க அவளுக்கு இரவு வேலை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கம்பி வைத்த மரத்தொட்டிலில், போன மாதம்தான் தவழத் தொடங்கியிருந்த மகள் தாமரை தூங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசலின் தொழுகை அழைப்பான பாங்கு அவனுக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பார்வை உள்ளவர்களுக்கு விடியும்போது ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. நாற்காலி, அலமாரி, சுவர் என்று ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. அவனுக்கு அந்த வேலையை ஓசை செய்தது. ஆனால் எல்லா ஓசையும் அதைச் செய்துவிடாது. கதவு படாரென்று சாத்திக்கொண்டால் அது மின்னல் மாதிரி. எதையும் சரியாகப் பார்ப்பதற்குள் அணைந்துவிடும். மழையோ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெய்யும். மூடுபனிக்குள் நிற்பது போலிருக்கும். பாங்கு அப்படியில்லை. ஓரிடத்திலிருந்து, உயரத்திலிருந்து, ஒரு மனிதக் குரல் நின்று நிதானித்து நீண்டு வரும். மோனோரயில் ஓடத் தொடங்காத, பஸ்கள் உறுமாத நேரம். ஊரே அந்தக் குரலுக்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கும். அது ஜன்னல் வழியாக அறைக்குள் நிரம்பும்போது அலமாரி அதைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும், மெத்தை குடித்துக்கொள்ளும், திரைச்சீலை பாதியைக் கொடுத்துப் பாதியை வைத்துக்கொள்ளும். ஓசையின் தடித்த பகுதி பொருள்களைச் சுற்றி வளைந்து வந்துவிடும். மெல்லிய நுனிகளுக்கு அப்படி வளையத் தெரியாது. முட்டி நின்றுவிடும். அதனால் எந்தப் பொருளுக்கும் பின்னால் ஓசை கொஞ்சம் மழுங்கியிருக்கும். அதுதான் அந்தப் பொருளின் நிழல். நாற்காலியை யாராவது ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால்கூடப் பாங்கு முடிவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அதிலும் ஒரே ஒரு பள்ளிவாசல் அல்ல. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமுள்ள சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடம் முதலில் தொடங்கும். அது ஓயுமுன் பங்சார் பக்கத்துப் பெரிய பள்ளிவாசல் சேரும். ஓசைக்கு வேகமாக நடக்கத் தெரியாது என்பதால் தூரத்துக் குரல்கள் தாமதமாக, ஈரத்தோடு, பின்னால் வந்து கலக்கும். இருட்டறையில் மூலைக்கு மூலை விளக்கேற்றுவது போலிருக்கும். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற வரி விடியற்காலைப் பாங்கில் மட்டும்தான் வரும் என்று கீழ்வீட்டு சாகுல் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டிருந்தான். அந்த வரியில் எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டுக் கிண்ணத்தைத் தடவித் திருநீறு பூசிக்கொள்வது அவன் வழக்கம்.

அன்று கை கிண்ணத்துக்குப் போகவில்லை.

ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே, எப்போதும் காலியாக இருக்கும் இடத்தில், ஏதோ நின்றிருந்தது. ஒடுக்கமாக. உயரமாக. குரல் அதில் பட்டு மழுங்கி, தொட்டில் மேல் ஒரு பட்டையாக நிழல் விழுந்திருந்தது.

துணி காயவைக்கும் ஸ்டாண்டாக இருக்கும் என்று நினைத்தான். எழுந்து கையை நீட்டிக்கொண்டு போனான். விரல்களில் காற்றுதான் பட்டது. இன்னும் ஓரடி. ஜன்னல் கம்பி சில்லென்று கைக்கு வந்தது. திரும்பி நின்று கவனிப்பதற்குள் பாங்கு முடிந்துவிட்டது. விளக்கை அணைத்தாற்போல் அறை இல்லாமல் போயிற்று.

தாமரையின் மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

சிந்துஜா வரும்போது மருத்துவமனையின் கைகழுவும் மருந்து வாடையும், கையிலிருந்த பொட்டலத்தின் ரொட்டிச்சானாய் வாசனையும் கூடவே வந்தன.

"ஜன்னல்கிட்ட என்ன வச்ச?"

"என்ன வச்சேன்? ஒன்னும் வைக்கலயே."

"உசரமா. துணி ஸ்டாண்டு?"

"அது பால்கனில கெடக்கு. ஏன், இடிச்சிக்கிட்டியா? எங்க, காட்டு."

"இல்ல லா. சும்மா கேட்டேன்."

இடிப்பதைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் சும்மா வருவதில்லை. போன மாதம் அவன் பால் கலக்கப் போன நேரத்தில் தாமரை தவழ்ந்து போய் மேசை முனையில் நெற்றியை மோதிக்கொண்டாள். வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. சிந்துஜாவின் அக்கா சுரேகாவுக்குத்தான் வடியவில்லை. ஜெஞ்சாரோமில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு மாடி வீடு, பிள்ளை இல்லை, குழந்தைமேல் கொள்ளை ஆசை. அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு கொசு தும்முனாக்கூட எனக்குக் கேக்கும்," என்று அவன் சமாளித்துப் பார்த்தான்.

"கொசு தும்மும் கிருபா. மேச முனை தும்முமா? நான் ஒன்னயக் கொற சொல்லல. ஆனா இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சு, யாரையும் கேக்க மாட்டேன். புள்ளயத் தூக்கிட்டுப் போயிகிட்டே இருப்பேன்."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அவன் அம்மாவும் அவள் பக்கம். சிந்துஜாகூட அன்று பேசாமல்தான் இருந்தாள். அந்த வாரமே அவன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு வரை போய், சலங்கை கோத்த வெள்ளிக் கொலுசு வாங்கி வந்து மகளின் காலில் மாட்டினான். அதற்குப் பிறகு அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்று அவன் ஒரு நாளும் தேடவில்லை. கண்ணில்லாத தகப்பனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தச் சலங்கை ஒன்றுதான் அவன் சாட்சி.

ஆகையால் ஜன்னலோரம் நின்றதைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சூராவில் ஒலிபெருக்கி கொரகொரவென்று உயிர் பெற்றபோதே அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். முதல் வரி வந்தது. அறை மெதுவாகத் துலங்கியது. அலமாரி. நாற்காலி. திரைச்சீலை. ஜன்னலோரம் காலி. அப்பாடா என்று மூச்சு விடப் போனவன், அடுத்த வரியில் அதைக் கண்டான்.

தொட்டிலை ஒட்டி நின்றது.

நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சொடக்கு விட்டான். சிறு வயதில் அவனே பழகிக்கொண்டது. சுவரானால் சொடக்கு கெட்டியாகத் திரும்பி வரும், மனிதரானால் மெத்தென்று. அந்த இடத்திலிருந்து எதுவும் வரவில்லை. காலியான இடமாக இருந்தால்கூட அதற்குப் பின்னாலிருக்கும் சுவர் பதில் சொல்லும். அதுவும் வரவில்லை. ஓசையைத் தடுப்பது வேறு, விழுங்குவது வேறு. அங்கே நின்றது விழுங்கிக்கொண்டிருந்தது.

பகல் வெயிலில் நடக்கும்போது எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. மின்தூக்கியில் சாகுல் அண்ணனைப் பார்த்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, ரெண்டு நாளா சூராவ்ல பாங்கு ஒரு மாதிரி இருக்கே?"

"அட, கண்டுபிடிச்சிட்டியா!" சாகுல் அவன் தோளில் தட்டினார். "நாலு ஹார்ன்ல ஒன்னு போச்சு தம்பி. பாங்கு சொல்ற பிலால் பாவம், அவரு தொண்டதான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாளா இஞ்சித் தண்ணியாக் குடிச்சிக்கிட்டு இருக்காரு. இன்னிக்கு ஆளு வந்து மாத்திருவான். எங்காளுங்களவிட நீதான் நல்லாக் கேக்கிற. உன்னயக் கூட்டிட்டுப் போயி மைக் செக் பண்ணச் சொல்லணும் போல."

கிருபானந்தன் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு ஒலிபெருக்கிக் குழாய் ஊமையானால் அது பார்த்த திசையில் ஓசை குறையும். குறைந்த இடம் பள்ளமாகத் தெரியும். எவ்வளவு எளிய விஷயம். அன்று வங்கியில் அழைத்தவர்களிடமெல்லாம் அவன் குரல் கூடுதல் உற்சாகமாக இருந்ததென்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்தாள்.

அடுத்த விடியலில் புது ஒலிபெருக்கி வழியாகக் குரல் வந்தது. கண்ணாடியைத் துடைத்து வைத்தாற்போல. அலமாரியின் கைப்பிடிகூடத் தனியாகத் தெரிந்தது. தொட்டிலின் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன.

அதுவும் தெரிந்தது. முன்னைவிடத் தெளிவாக.

ஓரங்கள் கூர்மையாக இருந்தன. தலை என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது. அது தொட்டிலுக்கு மேலே இருந்தது.

பங்சார் பக்கத்துக் குரல் சேர்ந்தது. இரண்டு விளக்குகளுக்கு நடுவில் நிற்பவனுக்கு இரண்டு நிழல் விழும். இரண்டும் தொடங்கும் இடத்தில்தான் ஆள் நிற்பான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போட்டான். இரண்டு நிழலும் தொடங்கிய இடம் தொட்டிலின் தலைமாடு. அது நிற்கவில்லை. இடுப்பு மடிந்து, உள்ளே குனிந்திருந்தது.

தாமரை விழித்திருந்தாள்.

காலை உதைத்தாள். சலங்கை குலுங்கியது. பாதி ஓசைதான் அவனுக்கு வந்தது. துணிக்குள் சுற்றிவைத்தது போல. பிறகு அவள் சிரித்தாள். யாராவது முகத்தருகே முகம் வைத்து விளையாட்டுக் காட்டினால் சிரிக்கும் அந்தச் சிரிப்பு.

அவன் எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. தொட்டிலுக்குள் கையை விட்டான். குளிர் இல்லை, சூடு இல்லை, எதுவும் தடுக்கவில்லை. மகளை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, குளியலறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டான். அங்கே ஜன்னல் இல்லை. பாங்கு நுழையாது. குழாய் சொட்டும் சத்தம். அவன் நெஞ்சு அடிக்கும் சத்தம். வேறெதுவும் இல்லை.

எதுவும் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கே அது இல்லை.

ஈரத்தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தான். அது பாங்கு நேரத்தில் வருகிறது. அந்த அறைக்கு வருகிறது. அந்த ஜன்னல் வழியாக வருகிறது. இந்த வீட்டைப் பிடித்த ஏதோ ஒன்று. அப்படியானால் பிள்ளையை இந்த வீட்டிலிருந்து அனுப்பிவிட்டால் போதும். மடியில் தாமரை அவன் சட்டைப் பொத்தானை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இடையிடையே சிரித்தாள். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சிந்துஜாவிடம் சொன்னான்.

"சுரேகாக்காவ வரச் சொல்லு. பாப்பா கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்."

தலை வாரிக்கொண்டிருந்த சீப்பு நின்றது. "என்ன பேசுற நீ? போன மாசம் அவகிட்ட அவ்ளோ சண்ட போட்ட."

"என்னால முடியல, சிந்து."

"என்ன முடியல?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவன் நாளெல்லாம் எண்ணிப் பார்த்திருந்தான். யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் பிள்ளையை அனுப்பவும் மாட்டார்கள், லீவு போட்டுவிட்டு அவனுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். வாழ்நாள் முழுக்க எந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று இருந்தானோ, அதையே சொன்னான்.

"கண்ணு தெரியாதவன் கையில புள்ளய விட்டது தப்பு. அக்கா சொன்னது சரி."

சிந்துஜா கிட்டே வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

சுரேகா எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். ஹைவேயில் நெரிசல் தொடங்குவதற்குள் வந்து கூட்டிக்கொண்டு போய், மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். அதனால் அவள் கதவைத் தட்டியதும் சூராவின் ஒலிபெருக்கி கொரகொரத்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

"எங்க என் செல்லம்?" செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். குரலைத் தணித்தாள். "கிருபா, நீ மனசுல ஒன்னும் வச்சிக்காத. நான் நாக்கு நீளமானவதான். ஆனா நீ இப்படிச் சொன்னதுக்கு ரொம்பப் பெரிய மனசு வேணும் லா."

"சீக்கிரம் தூக்குங்கக்கா."

"தூங்குறாளா?"

"முழிச்சிருக்கா. தூக்குங்க."

குரல் எழுந்தது. அறை துலங்கியது. அவன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அலமாரி. நாற்காலி. தொட்டிலுக்கு இந்தப் பக்கம் சுரேகா, அகலமாக, மெத்தென்று, உயிருள்ளவர்களின் நிழலோடு.

தொட்டிலுக்கு அந்தப் பக்கம் அது.

"வா டி தங்கம். பெரியம்மாகிட்ட வா. அடடா, என்ன சிரிப்பு! யாரப் பாத்து இப்படிச் சிரிக்கிற?"

சலங்கை மேலே எழுந்தது. அவள் குழந்தையைத் தூக்கிவிட்டாள். குனிந்திருந்தது நிமிர்ந்தது. நிமிர்ந்துகொண்டே இருந்தது.

"போங்கக்கா. நிக்காதீங்க."

சுரேகா அவனைக் கடந்து போனாள். பவுடர் வாசனை போனது. சலங்கை போனது. போய்விட்டாள், பிழைத்துவிட்டாள் என்று அவன் சுவரில் சாய்ந்தான்.

அப்போது அவன் முகத்தில் பட்டுக்கொண்டிருந்த பாங்கு அணைந்தது.

வெயிலில் நிற்பவனை யாரோ கடந்து போனால் ஒரு கணம் முகத்தில் நிழல் ஓடும், அப்படி. இடது கன்னம். மூக்கு. வலது கன்னம். பிறகு மீண்டும் குரல் முழுசாக வந்து முகத்தில் விழுந்தது.

அது அறையை விட்டுப் போயிருந்தது. அவர்களுக்குப் பின்னால்.

அந்தக் கணத்தில்தான் அவனுக்குப் புரிந்தது. விளக்கேற்றினால் ஆள் தெரியும். விளக்கா ஆளைக் கூட்டி வருகிறது? பாங்கு எதையும் கூட்டி வரவில்லை. காட்டியது, அவ்வளவுதான். மற்ற நேரங்களில் அவன் இருட்டில் இருந்தான். பால் புகட்டும்போது. குளிப்பாட்டும்போது. குளியலறையில், மடியில் வைத்துக்கொண்டு, இங்கே அது இல்லை என்று அழுதபோது. அது வீட்டைப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாக வந்ததுமில்லை.

பிள்ளையோடு இருந்தது.

"அக்கா! நில்லுங்க!"

ஓடினான். செருப்பு அலமாரி முழங்காலில் மோதியது. விழுந்தான். எழுந்தான்.

"மனச மாத்திக்காத கிருபா!" நடைவழியின் கோடியிலிருந்து சுரேகாவின் குரல் வந்தது. மழுங்கி வந்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நடைவழியை அடைத்துக்கொண்டு எதுவோ நடந்துகொண்டிருந்தது. "ஞாயித்துக்கெழம கொண்டாந்து காட்டுறேன் லா!"

"அக்கா, புள்ளயக் குடுங்க! என்கிட்டக் குடுங்க!"

மின்தூக்கியின் மணி. கதவு இழுபட்டு மூடியது. அவன் இரண்டு கையாலும் அறைந்தபோது இரும்பு மட்டும் இருந்தது.

படி இறங்கினால் எட்டாது. வீட்டுக்குள் திரும்பி ஓடி, ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினான். அந்நேரம் பங்சார் பக்கத்துக் குரலும் எழுந்தது. தூரத்துக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து கலந்தன. அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

அவனைச் சுற்றி அறை பொங்கி வழிந்தது. அலமாரியின் கைப்பிடி. நாற்காலியின் நான்கு கால். காலித் தொட்டிலின் ஒவ்வொரு கம்பியும். எங்கும் ஒரு பள்ளம் இல்லை. அவன் வீட்டில் பாங்கு அவ்வளவு நிறைவாக ஒருநாளும் கேட்டதில்லை.

குரல்கள் ஓய்ந்தன.

கீழே, கார் நிறுத்துமிடத்தில், சலங்கை குலுங்கியது. ஒன்பது மாடி தாண்டியும் தெளிவாக, பளிச்சென்று.

சுரேகா ஏறிக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு இன்னொரு கதவு, தானாகத் திறந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டது. சலங்கை பாதியாயிற்று, துணிக்குள் சுற்றிவைத்தது போல.